அனுபவப் பகிர்வு: கேம் ஸ்டோர்களின் 18+ விதி உங்களை எங்கே இடித்தது?

மழைக்குருவி

விஷுவல் நாவல் (படமும் வசனமுமாகக் கதை சொல்லும் கேம்) செய்கிறவர்களுக்கு இது தெரிந்த கதைதான். இருந்தாலும் மனசு ஆறவில்லை, எழுதிவிடுகிறேன்.

எங்கள் கேம் ஒரு அக்காவையும் தங்கையையும் பற்றியது. அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பி, முதல் தடவையாகக் கட்டைப் பிரித்துவிட்டுக் கண்ணாடி முன்னால் நிற்கிறாள். தங்கை ஈரத் துணியால் முதுகைத் துடைத்துவிடுகிறாள். கண்ணாடியில் தழும்பு தெரியும். வசனம் கிடையாது, நான்கே ஷாட். டெமோவில் இந்தக் காட்சி இல்லை, அதனால் டெமோ சிக்கலில்லாமல் ஸ்டோரில் ஏறிவிட்டது. பிறகு முழு பில்டை, அதாவது விளையாடும் வடிவில் இருக்கும் முழு கேமை, அனுப்பினோம். "பாலியல் உள்ளடக்கம் எங்கள் விதிகளுக்குப் பொருந்தவில்லை" என்று மூன்று வரி மெயில் வந்தது. எந்தக் காட்சி, எந்த விதி, ஒன்றும் இல்லை. கேட்டு எழுதினோம். குறிப்பிட்ட விவரம் தர இயலாது, முடிவு இறுதியானது என்று பதில்.

அதைப் படித்த கையோடு அதே ஸ்டோரைத் திறந்தேன். முகப்பில் ஒரு பெரிய ஸ்டூடியோவின் ஆர்பிஜி (பாத்திரமேற்று ஆடும் கேம்), பேனர் முழுக்க, தள்ளுபடியில். அதில் முழு நிர்வாணம் உண்டு, படுக்கையறைக் காட்சிகள் உண்டு, வேண்டாதவர்கள் மறைத்துக்கொள்ள செட்டிங்ஸில் தனி வசதியும் உண்டு. எனக்குப் பிடித்த கேம்தான், அதை எடுக்கச் சொல்லவில்லை. ஆனால் அந்த பேனரையும் எங்களுக்கு வந்த மெயிலையும் ஒரே திரையில் பார்த்த நிமிஷம் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. எங்கள் ஓவியர் அந்தத் தழும்புக்காக மருத்துவப் படங்களைத் தேடித் தேடிப் பார்த்து, தையல் போகும் திசையைக்கூடச் சரிபார்த்து வரைந்தார். அதைத்தான் பாலியல் உள்ளடக்கம் என்று எழுதியிருக்கிறார்கள்.

உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்.

பிக்சல்பாட்டன்

மழைக்குருவி, இது பழைய வியாதி. 2014 கடைசியில் ஐபேடுக்கு வந்த பேப்பர்ஸ், ப்ளீஸ் என்ற கேம் நினைவிருக்கும். எல்லைச் சாவடியில் ஆட்களை ஸ்கேன் செய்யும்போது கரடுமுரடான பிக்சலில் ஒரு நிர்வாண உருவம் வரும். அதிகாரம் மனிதர்களை எப்படிக் கூச வைக்கிறது என்று காட்டத்தான் அது. ஆப்பிள் அதை ஆபாசம் என்று திருப்பி அனுப்பியது. கேமைச் செய்த லூகாஸ் போப் அந்த நிர்வாணத்தை எடுத்துவிட்டு வெளியிட்டார். விஷயம் செய்தியானது. உடனே, அது தவறான புரிதல், பழையபடியே அனுப்புங்கள் என்று ஆப்பிள் தரப்பிலிருந்து சொல்லிவிட்டார்கள். செய்தியில் அடிபடாத கேம்களுக்கு அந்த இரண்டாவது பதில் வருவதே இல்லை.

என் அனுபவம் விளையாடுகிறவனாக. ஒரு ஆக்‌ஷன் கேமைக் கணினியில் முடித்திருந்தேன். அப்புறம் நண்பனின் கன்சோலில் அதையே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு கட்சீனில் (கேமுக்கு நடுவே தானாக ஓடும் காட்சியில்) நாயகி திரும்புகிறாள், சட்டென்று ஒரு வெள்ளை ஒளி அவள் இடுப்புக்குக் கீழே பாய்ந்து நிற்கிறது. இருட்டான இடம், சூரியனே கிடையாது. டிவியில் ஏதோ கோளாறு என்று நண்பன் கேபிளைக் கழற்றி மாட்டினான். மறுபடி ஓட்டினோம், அதே ஒளி அதே இடத்தில். கணினிப் பதிப்பில் அது இல்லை. அதே கட்சீனில் அதற்குச் சற்று முன்னால் ஒரு அரக்கனின் தலை இரண்டாகப் பிளக்கிறது, அது மட்டும் முழுசாகத் தெரிகிறது.

பெரியவர்களுக்கானது என்று முத்திரை போட்டு, வயதையும் கேட்டு விற்றாகிவிட்டது. அதற்கு மேல் உள்ளே கை வைக்கக் கூடாது. முத்திரை போட்டால் விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாம்கண்

"முத்திரை போட்டால் விட்டுவிட வேண்டும்" என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. முத்திரையே ஒழுங்காக விழுவதில்லை என்பதுதான் என் அனுபவம்.

என் மகளுக்கு ஜிக்சா புதிர் என்றால் சாப்பாடு வேண்டாம். அவளுக்குத் தனிக் கணக்கு, எல்லா ஃபில்டரும் போட்டு வைத்திருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து 'புதிர்' என்று தேடினோம். பூனை, கோட்டை, மலை என்று வரிசையாக வந்த படங்களுக்கு நடுவே ஒன்று. பாதி உடையில் ஒரு பெண், முகத்தில் பயம். டேக் என்னவென்று பார்த்தால் 'நிதானமானது', 'குடும்பம்', 'புதிர்'. "இந்த அக்கா ஏம்மா பயந்துபோய் இருக்காங்க?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை.

புகார் கொடுத்தேன். "மதிப்பாய்வு செய்தோம், விதிமீறல் இல்லை" என்று பதில். பிறகு விசாரித்ததில்தான் புரிந்தது, பெரும்பாலான ஸ்டோர்களில் ஃபில்டர் எதை மறைக்க வேண்டும் என்பது டெவலப்பர் தானே நிரப்பும் படிவத்தை நம்பி இருக்கிறது. நிர்வாணம் உண்டா, எவ்வளவு அடிக்கடி, எந்தச் சூழலில் என்று கேட்பார்கள். நேர்மையாக நிரப்புகிறவரின் கேம் மறைந்துபோகும். 'இல்லை' என்று எழுதுகிறவரின் கேம் என் மகளின் திரைக்கு வரும். மழைக்குருவி, நீங்கள் அந்தப் படிவத்தில் உண்மையை எழுதியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்களைத் தடுத்தவர்கள்தான் அந்தப் புதிரை விட்டார்கள். எனக்கு இரண்டின் மேலும் கோபம் இருக்கிறது.

நிழல்வாசிப்பு

நான் மறுபக்கம் உட்கார்ந்திருந்தவன். ஒரு மொபைல் ஸ்டோருக்காக ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் பரிசீலனை வேலை பார்த்தேன். பெயர் சொல்ல முடியாது, கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அந்த மூன்று வரி மெயிலை யாரும் உட்கார்ந்து எழுதுவதில்லை. நிராகரி என்ற பட்டனை அழுத்தினால் காரணங்கள் கீழே விரியும். பாலியல் உள்ளடக்கம், வன்முறை, வெறுப்புப் பேச்சு, சூதாட்டம் என்று போகும். மருத்துவச் சூழல் என்று ஒன்று அதில் கிடையாது. ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மெயில் தானாகப் போய்விடும். குறிப்பு எழுத ஒரு பெட்டி உண்டு, அது உள்ளே இருப்பவர்கள் கண்ணில் மட்டும்தான் படும். "எந்தக் காட்சி என்று சொல்லுங்கள்" என்று டெவலப்பர் கேட்டால், பதில் அந்தப் பெட்டிக்குள் இருக்கும். அதை அனுப்ப எங்களுக்கு அனுமதி இல்லை. சொல்லிவிட்டால் விதியைச் சுற்றிக்கொண்டு வருவார்கள் என்பது மேலே இருப்பவர்களின் வாதம்.

இன்னொன்று, கேமை யாரும் முழுதாக விளையாடுவதில்லை. ஒரு கேமுக்கு இத்தனை நிமிஷம் என்று இலக்கு இருக்கும். ட்ரெய்லர், ஸ்கிரீன்ஷாட், பில்டிலிருந்து மென்பொருள் பொறுக்கித் தரும் படங்கள், இவைதான் கண்ணுக்கு வரும். உடம்பு தெரிகிற இடத்தில் சிவப்புக் கட்டம் போட்டே தரும். உங்கள் நான்கு ஷாட் எங்களிடம் வந்திருந்தால் தனித்தனிப் படமாக, முன்பின் இல்லாமல் வந்திருக்கும். அது அக்கா, இது தங்கை, அது தழும்பு என்பதெல்லாம் தெரிந்திருக்காது.

எனக்கு மறக்காத ஒன்று. தரச் சோதனை என்று ஒருநாள் எங்கள் குழுவில் எல்லோருக்கும் ஒரே படத்தை அனுப்பினார்கள். கடற்கரையில் நீச்சலுடையில் ஒரு பெண், எண்ணெய் ஓவியம் மாதிரி வரைந்தது. எனக்கு இடப்பக்கம் இருந்தவர் 'அனைவருக்கும்' என்று போட்டார். வலப்பக்கம் இருந்தவர் நிராகரித்தார். நான் 16+ போட்டேன். மூன்று பேரும் விதிக் கையேட்டில் ஒரே பத்தியைத்தான் திறந்து வைத்திருந்தோம். 'பாலுணர்வைத் தூண்டும் நோக்கில்' என்று அதில் இருக்கும். நோக்கத்தைப் படத்தில் எங்கே தேடுவது? மேற்பார்வையாளர் வந்து மூன்று திரையையும் பார்த்தார். குழுவில் அதிகம் பேர் எதைப் போட்டார்களோ அதையே சரியான விடை என்று பதிந்துவிட்டுப் போனார். அன்று முதல் நாங்கள் எல்லோரும் படத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, பக்கத்தில் இருப்பவர் என்ன போடுவார் என்று யூகிக்க ஆரம்பித்தோம்.

பெரிய ஸ்டூடியோ கேம்கள் எங்கள் வரிசைக்கே வராது. அவர்களுக்குத் தனி ஆள், தனிக் கூட்டம், எந்தக் காட்சியை எப்படி வைக்கலாம் என்று முன்கூட்டியே பேச்சு. பேனரில் பார்த்த கேம் அந்த வழியாக வந்திருக்கும்.

கரிக்கோல்

நிழல்வாசிப்பு சொன்னது என் சந்தேகத்தை உறுதிப்படுத்துகிறது.

நான் ஓவியர். எங்கள் காதல் கேமில் யாரைக் காதலிப்பது என்பது விளையாடுகிறவரின் விருப்பம். மழையில் ஒரு முத்தக் காட்சி உண்டு. பின்னணி ஒன்றே, கேமரா கோணம் ஒன்றே, குடை, வெளிச்சம், நிற்கும் நிலை எல்லாம் ஒன்றே. தேர்வைப் பொறுத்து ஒரு பாத்திரத்தின் படத்தை மட்டும் மாற்றுவோம். ஸ்டோரிலிருந்து "வயது வந்தோருக்கானது என வகைப்படுத்தப்படுகிறது" என்று மெயில் வந்தது. அதிசயமாக, ஸ்கிரீன்ஷாட்டும் இணைத்திருந்தார்கள். இரண்டு ஆண்கள் முத்தமிடும் படம். ஆணும் பெண்ணும் முத்தமிடும் படம் எங்கள் ஸ்டோர் பக்கத்திலேயே முதல் ஸ்கிரீன்ஷாட்டாக இருந்தது, அதை அவர்களே சில வாரங்களுக்கு முன்னால் ஏற்றிருந்தார்கள்.

இரண்டு படத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, மாறிய பகுதியை மட்டும் கோடிட்டு அனுப்பினேன். தலைமுடி, தாடை, தோள். வேறு எதுவும் மாறவில்லை. பதில் வரவில்லை. கொஞ்ச நாள் கழித்து வகைப்பாடு சத்தமில்லாமல் மாறியிருந்தது. மகிழ்ச்சிதான், ஆனால் யார் பார்த்தார்கள், என்ன நினைத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. அடுத்த கேமில் இதே காட்சியை வரைய உட்கார்ந்தால் கை தயங்குகிறது.

எட்டுத்திக்கு

எல்லோரும் ஸ்டோரை மட்டும் பேசுகிறீர்கள். ஸ்டோருக்குப் பின்னால் நிற்பவர்களையும் பேச வேண்டும்.

என் விருப்பப் பட்டியலில் ஒரு திகில் கேம் இருந்தது, தள்ளுபடிக்குக் காத்திருந்தேன். ஒருநாள் பட்டியலின் எண்ணிக்கையில் ஒன்று குறைந்திருந்தது. எது போனது என்று கண்டுபிடிக்கவே நேரமாயிற்று. பழைய லிங்கை அழுத்தினால் முகப்புப் பக்கத்துக்கு வந்து நின்றது. நீக்கிவிட்டோம் என்று ஒரு வரிகூட இல்லை. அந்த கேம் எப்போதுமே இருந்ததில்லை என்பது போல.

அது 2025 ஜூலை. வரிசையாகச் சொல்கிறேன். ஏப்ரலில் பாலியல் வன்முறையை மையமாக வைத்த நோ மெர்சி என்ற கேம் பெரும் எதிர்ப்புக்குப் பிறகு, வால்வ் நிறுவனம் நடத்தும் ஸ்டீம் ஸ்டோரிலிருந்து போனது. ஜூலையில் கலெக்டிவ் ஷவுட் என்ற ஆஸ்திரேலிய அமைப்பு பணப் பட்டுவாடா நிறுவனங்களுக்குத் திறந்த கடிதம் எழுதியது. ஸ்டீம் தன் விதிகளில் புதிதாக ஒன்றைச் சேர்த்தது: பணம் செலுத்தும் நிறுவனங்கள், கார்டு நெட்வொர்க்குகள், வங்கிகள் ஆகியோரின் விதிகளை மீறக்கூடியவை கூடாது, குறிப்பாகச் சில வகை வயது வந்தோர் உள்ளடக்கம் கூடாது. எந்தச் சில வகை? அதை எழுதவில்லை. ஏராளமான கேம்கள் போயின. சில நாளில், சிறு டெவலப்பர்களின் கேம்கள் அதிகம் இருக்கும் இட்ச் தளமும் தன்னிடமிருந்த 18+ கேம்கள் அத்தனையையும் தேடலிலிருந்து மறைத்தது. நல்லது, கெட்டது, இலவசம், விலைக்கு எல்லாம் ஒரே நாளில். பிறகு இலவசமானவைதான் முதலில் தேடலுக்குத் திரும்பின. பிரச்சினை படத்திலா பணத்திலா என்பது இதிலேயே தெரிகிறது.

ஆகஸ்ட் 1 அன்று மாஸ்டர்கார்டு, நாங்கள் எந்த கேமையும் மதிப்பிடவில்லை, கட்டுப்பாடு விதிக்கச் சொல்லவும் இல்லை என்றது. வால்வ் அதற்கு, மாஸ்டர்கார்டு எங்களிடம் நேரடியாகப் பேசவில்லை, நடுவில் இருக்கும் நிறுவனங்கள் வழியாகத்தான் பேசியது, அவர்கள் காட்டியது மாஸ்டர்கார்டின் 5.12.7 விதியைத்தான் என்றது. அந்த விதியில் சட்டவிரோதமான பரிவர்த்தனை மட்டுமல்ல, கார்டின் நற்பெயருக்குக் கேடு வரக்கூடியதும் அடங்கும். ஒருவரைக் கேட்டால் மற்றவரைக் காட்டுகிறார். எந்தக் கதவைத் தட்டுவது?

மூன்றாம்கண், நோ மெர்சி போனதில் எனக்கு வருத்தம் இல்லை. 2019-இல் பாலியல் வன்முறையையே விளையாட்டாக்கிய இன்னொரு கேமை வால்வ் நிராகரித்ததும் சரிதான். ஆனால் அப்போது சொன்ன காரணம் 'அறிய முடியாத செலவுகளும் ஆபத்துகளும்' என்பது. சட்டவிரோதம், அப்பட்டமான சீண்டல், இவை தவிர எல்லாம் வரலாம் என்று 2018 ஜூனில் அவர்களே சொல்லி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இன்ன காரணத்தால் இது தப்பு என்று அன்றைக்கே தெளிவாக எழுதியிருந்தால், இன்றைக்கு அந்த எல்லையை வேறு யாரோ வந்து நகர்த்தியிருக்க முடியாது.

தொகுப்பாளன்

நான் ஒரு சிறு வெளியீட்டு நிறுவனத்தில் இருக்கிறேன். எங்கள் கேம் ஒன்று இதே மாதிரி திரும்பி வந்தது, மறுபடி அனுப்பினோம், ஏறியது. மழைக்குருவி, உங்களுக்குச் சில விஷயங்கள் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில், அரைகுறை பில்டை ஒருபோதும் அனுப்பாதீர்கள். ஹார்சஸ் கேமுக்கு நடந்தது தெரியுமல்லவா? சான்டா ராஜியோனே என்ற இத்தாலிய ஸ்டூடியோவுடையது. 2023-இல் முடியாத பில்டைப் பார்த்து ஸ்டீம் மறுத்தது. சர்ச்சைக்குரிய காட்சியை மாற்றிவிட்டோம், மறுபடி பாருங்கள் என்று கேட்டும் பார்க்கவில்லை என்று அவர்கள் சொன்னார்கள். 2025 டிசம்பர் 2 வெளியீடு. அதற்கு முந்தைய நாள் எபிக் ஸ்டோரும் கைவிரித்தது. ஜிஓஜி என்ற ஸ்டோர் அதே கேமைத் தைரியமாக விற்றது. ஆக, முதல் பில்ட்தான் உங்கள் முகம்.

இரண்டாவது, படிவத்தில் ஆம் இல்லை என்று மட்டும் போட்டுவிட்டு நகராதீர்கள். விளக்கப் பெட்டி இருந்தால் காட்சியின் சூழலை இரண்டு வரியில் எழுதுங்கள். மருத்துவம், சிகிச்சை, தழும்பு என்ற வார்த்தைகள் முதல் வரியிலேயே வரட்டும். காட்சி எத்தனையாவது நிமிஷத்தில் வருகிறது என்று சொல்லி, அந்த இடத்துக்கு நேரே போகும் சேவ் ஃபைலும் கொடுங்கள். பரிசீலிப்பவர் சிவப்புக் கட்டத்தை மட்டும் பார்க்காமல் முன்பின்னும் பார்க்க வாய்ப்பு உண்டு. பாத்திரங்களின் வயதைக் கேமுக்குள்ளேயே வசனத்தில் வையுங்கள், விளக்கப் பக்கத்தில் மட்டும் போதாது. ஸ்டோர் பக்கத்துப் படங்களில் அந்தக் காட்சி வேண்டவே வேண்டாம்.

அப்புறம், எல்லாவற்றையும் ஒரே கடையில் வைக்காதீர்கள். ஒரே நேரத்தில் குறைந்தது இரண்டு இடத்துக்கு அனுப்புங்கள். ஒன்று ஏற்றால் அந்த ஏற்பைக் காட்டி மற்றதிடம் பேசலாம். ஐஏஆர்சி என்ற சர்வதேச அமைப்பின் வயது வகைப்பாட்டை ஏற்கும் ஸ்டோரில் முதலில் வாங்கிவிட்டால் கையில் ஒரு காகிதம் இருக்கும். ஒரே கேள்வித்தாளில் பல நாடுகளின் வயது முத்திரை கிடைத்துவிடும். கன்சோலுக்கு யோசிக்கிறீர்கள் என்றால் அந்தக் காட்சியைத் தனியாகக் கழற்றி மாட்டுகிற மாதிரி நிரலில் பிரித்து வையுங்கள். தோள் வரை துணி போர்த்திய மாற்று ஷாட் ஒன்றையும் இப்போதே வரைந்து வைப்பது புத்திசாலித்தனம்.

பிக்சல்பாட்டன்

தொகுப்பாளன், அவர் வழி கேட்டு வரவில்லை. நடந்ததைச் சொல்ல வந்தார். துணி போர்த்திய ஷாட் வரைந்து வையுங்கள் என்கிறீர்களே, தழும்பைப் பார்ப்பதுதானே அந்தக் காட்சியே? அதை மூடினால் மிச்சம் என்ன?

மூன்றாம்கண், நீங்கள் சொன்ன புதிர் விஷயத்தில் நான் பேச முடியாது, அது அநியாயம். முத்திரை சரியாக விழ வேண்டும், விழுந்தபின் உள்ளே கை வைக்கக் கூடாது. இப்படித் திருத்திக்கொள்கிறேன்.

மூன்றாம்கண்

பிக்சல்பாட்டன், அப்படிச் சொன்னால் நானும் உங்கள் பக்கம்தான்.

எட்டுத்திக்கு, கார்டு கம்பெனி வழியாக அழுத்தம் கொடுத்தவர்கள் மேல் உங்களுக்கு வருத்தம் இருப்பது புரிகிறது. ஆனால் ஒன்று யோசியுங்கள். நான் ஸ்டோருக்கு எழுதினேன், எனக்குக் கிடைத்தது "விதிமீறல் இல்லை". அந்த ஒரு வரியோடு கதவு மூடிவிட்டது. ஸ்டோர் தன் வாசலிலேயே புகாரைக் காது கொடுத்துக் கேட்டிருந்தால் இவ்வளவு பேர் வங்கிக் கதவைத் தட்டியிருக்க மாட்டார்கள். உங்கள் திகில் கேமும் தப்பித்திருக்கும். அந்தப் புதிர் கேம் இன்றுவரை அங்கேயே இருக்கிறது, அதே டேக்குடன்.

மழைக்குருவி

எல்லோருக்கும் நன்றி. நிழல்வாசிப்பு, அந்தக் குறிப்புப் பெட்டி பற்றி நீங்கள் எழுதியதை எங்கள் குழுவில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். எங்கள் காட்சியைப் பார்த்த யாரோ ஒருவர் அதில் ஏதோ எழுதியிருப்பார் என்பதே எனக்குப் பெரிய விஷயம். அந்த வரியை எங்களுக்கு அனுப்பியிருந்தால் போதும். ஏற்க வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. எந்த ஷாட், எந்த விதி, இன்னொருவர் ஒருமுறை முழுக் காட்சியையும் பார்ப்பாரா, இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் நாங்கள் சண்டை போட்டிருக்க மாட்டோம்.

மூன்றாம்கண், படிவத்தில் எல்லாவற்றையும் உள்ளபடிதான் எழுதினோம். நிர்வாணம் உண்டு, மருத்துவச் சூழல், பாலியல் நோக்கம் இல்லை என்று. அடுத்த கேமிலும் அப்படித்தான் எழுதுவோம்.

தொகுப்பாளன், சேவ் ஃபைல் யோசனை நல்லது, எடுத்துக்கொள்கிறேன். மாற்று ஷாட் வரையப் போவதில்லை. வேறொரு ஸ்டோர் அதே பில்டை ஒரு கேள்வியும் கேட்காமல் ஏற்றிருக்கிறது, நான்கு ஷாட்டும் அப்படியே போகிறது.

கரிக்கோல், இரண்டு படத்தையும் மேலே மேலே வைத்து அனுப்பினீர்களே, அந்த மெயிலை எப்படி எழுதினீர்கள் என்று தனிச்செய்தியில் சொல்ல முடியுமா? முதல் ஸ்டோருக்கு இன்னொரு முறை எழுதப் போகிறேன்.